பொன்னும் உருவமும்

1946ஆம் ஆண்டில் பரத்பூர் சமஸ்தானத்தில், பயானாவுக்கு அருகிலுள்ள ஹுல்லன்புரா என்னும் சிற்றூரின் வயலொன்றில், குப்த மன்னர்களின் பொற்காசுகள் நிறைந்த கலம் ஒன்று அகப்பட்டது. செய்தி சமஸ்தானத்தாரின் செவிக்கு எட்டுவதற்குள் அவற்றுள் ஒரு பகுதி உருக்கப்பட்டுவிட்டது, மீட்கப்பட்டவை 1821. உருக்கியதனால் குன்றிமணி எடைப் பொன்னும் அழிந்துவிடவில்லை. ஆயினும் பழங்காசுகளில் ஈடுபாடுடைய எவருக்கும் இச்செய்தியைக் கேட்டால் நெஞ்சு பதைக்கும். பொன் பொன்னாகவே இருக்க, போனதுதான் என்ன?

சாந்தோக்கிய உபநிஷத்தில் உத்தாலகர் தம் மைந்தன் சுவேதகேதுவுக்கு உபதேசிக்கையில், ஒரு பொற்கட்டியை அறிந்த மாத்திரத்தில் பொன்னாலாகிய யாவும் அறியப்பட்டனவாகும் என்றும், விகாரங்கள் நாமமாத்திரமே, பொன் ஒன்றே சத்தியம் என்றும் கூறுகிறார். இதை மேலோட்டமாகக் கேட்பவர், காசை உருக்கியவரே வேதாந்தி, அதற்காக வருந்துபவரே மாயையில் உழல்பவர் என்று முடிவு கட்டிவிடக்கூடும். எனக்கு அது சம்மதமில்லை.

ஏனென்று சொல்ல, குப்தக் காசு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். குப்த மன்னன் சமுத்திரகுப்தன் வெளியிட்ட வீணைக்காசை ஒருமுறை நிதானமாகப் பார்த்தவர்கள் அதை எளிதில் மறக்கமாட்டார்கள். விரல்நுனியளவேயான அந்த வட்டத்திற்குள், சாய்மானமுள்ள ஆசனத்தில் அரசன் கவசமும் ஆயுதமுமின்றி, வெற்றுமார்புடன் அமர்ந்து, மடிமேல் வைத்த வீணையை மீட்டுகிறான். அது நாம் இன்று காணும் வீணையன்று, வில்போல் வளைந்த தண்டுடைய, யாழுக்கு உறவான கருவி. சுற்றிலும் பிராமி எழுத்தில் மகாராஜாதிராஜன் என்ற விருதுப்பெயர். மறுபுறத்தில் பிரம்பு இருக்கைமீது திருமகள். காஞ்சி விஷ்ணுகோபன் வரையில் தென்னாட்டரசர்களை வென்றவன் என்று அலகாபாத் தூணில் ஹரிஷேணர் புகழ்ந்த அதே வேந்தன்தான் இவன். நாரதரையும் தும்புருவையும் இசையால் நாணச் செய்தவன் என்பதும் அத்தூணிலேயே உள்ள புகழுரைதான். திக்குவிஜயம் செய்தவன் தன்னை இப்படியும் நினைவுகூர வேண்டுமென்று விரும்பினான் என்பதைப் பொன்னின் எடையா நமக்குச் சொல்கிறது?

உத்தாலகர் மறுத்தது, காரணமாகிய பொன்னை விட்டுத் தனித்து நிற்கும் உண்மை காரியமாகிய உருவத்துக்கு உண்டு என்ற எண்ணத்தையே. காரியம் இகழத்தக்கது என்று அவர் சொல்லவில்லை. காசை உருக்கியவர் உருவத்தைக் கடந்து பொருளைக் கண்டவரல்லர். உருவத்தை விட்டு விலை என்னும் மற்றொரு நாமத்தைப் பற்றியவர். வறுமையால் அப்படிச் செய்திருந்தால் அவரைப் பழிக்க எனக்கு நாவெழவில்லை. அதை ஞானமென்று கொண்டாடுவதைத்தான் ஏற்க முடியவில்லை. நம் சைவ சித்தாந்திகளோ உலகத்தைப் பொய்யென்று தள்ளாமல், உடல், கருவி, உலகம், நுகர்பொருள் எனப்படும் தனு கரண புவன போகங்கள் யாவும் ஆன்மா பக்குவமடைவதற்காக இறைவன் மாயை என்னும் மூலப்பொருளினின்றும் தோற்றுவித்தவை என்றனர். அப்படியானால் உருவத்திற்கும் ஒரு பிரயோஜனம் உண்டு. அதன் வழியாகவே உயிர் அறிவு பெறுகிறது.

இனிச் சேகரிப்பவரின் விஷயம். காசின் அழகில் ஈடுபடுவது ஒன்று, அது என்னுடையது என்று மகிழ்வது வேறு. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாக எத்தனையோ கைகள் மாறி வந்த பொருளின்மேல் மமகாரம் கொண்டு, பிறர் கண்ணுக்குக் காட்டாமல் இரும்புப்பெட்டியில் பூட்டி வைப்பவருக்கும், அதை உலையில் இட்டவருக்கும் பலனளவில் அதிக வேற்றுமையை நான் காணவில்லை. ஒருவர் உருவத்தை அழித்தார், மற்றவர் மறைத்தார். பயானாக் காசுகளை ஆராய்ந்து 1954இல் அல்தேகர் வெளியிட்ட அட்டவணையோ, கையில் ஒரு மாற்றுப் பொன்னும் இல்லாதவருக்கும் அவ்வுருவங்களைக் காணும் பாக்கியத்தை அளித்தது. அந்தப் புதையலில்தான், இரண்டாம் சந்திரகுப்தனுக்குத் திருமால் பிரசாதம் வழங்குவதாகக் கருதப்படும் சக்ரவிக்ரமக் காசு முதன்முதலாக வெளிப்பட்டது. கிடைத்தது அதில் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றும் உலைக்குப் போயிருந்தால், அப்படி ஒரு காசு அச்சிடப்பட்டது என்பதையே பயானாவிலிருந்து நாம் அறிந்திருக்க மாட்டோம்.