மூளி அலங்காரி கொடுத்த வாழைமட்டை

மூளி அலங்காரியின் கையில் ஆயுதம் இல்லை. மந்திரம் தெரியாது, படை கிடையாது. பசியோடு ஏழு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கும் நாத்தனாருக்கு அவள் கொடுப்பது மக்கிப்போன கேழ்வரகு, அடுப்பெரிக்கப் பச்சை வாழைமட்டை, உலை வைக்க ஓட்டைப் பானை. கேட்டதையெல்லாம் கொடுத்த கணக்குதான். ஒன்றும் உதவாது.

வல்லத்திராக்கோட்டையில் கடலை உடைக்கிற இரவுகளில் என் அம்மாயி இந்தக் கதையைச் சொல்வார். ராவணனுக்கோ சூரபத்மனுக்கோ நாங்கள் பயந்ததில்லை. பத்துத் தலைக்காரன் எப்படிப் படுத்துத் தூங்குவான் என்று கேட்டுச் சிரித்திருக்கிறோம். ஆனால் வாழைமட்டை வரும் இடத்தில் எல்லோர் கையும் நின்றுவிடும். அந்தக் கையை நாங்கள் பார்த்திருந்தோம். வேண்டாத விருந்தாளிக்குச் சோறு போடும் கரண்டி எப்படித் திரும்பும், பானையின் எந்தப் பக்கத்தில் இருந்து அள்ளும் என்பது கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆறு வயதிலேயே தெரியும்.

பயமுறுத்தும் வில்லன் எப்படி உருவாகிறான் என்ற கேள்வியை இங்கிருந்து கேட்கத்தான் எனக்குத் தெரியும். என் தங்கை மகள் அதை வேறொரு இடத்திலிருந்து கேட்க வைத்தாள்.

அவள் சென்னையில் படிக்கிறாள். விடுமுறைக்கு வரும்போது மடிக்கணினியில் கற்பனை உலக விளையாட்டுகளைக் கொண்டு வருவாள். விளையாடுபவரே ஒரு பாத்திரமாகிக் கதைக்குள் நடந்து, பேசி, முடிவெடுத்து, அந்த முடிவின் பலனையும் அனுபவிக்கிற விளையாட்டுகள். ஒரு கதை நூறு மணிநேரம் நீளும் என்றாள். விடிய விடிய அரிச்சந்திரா நாடகம் பார்த்து வளர்ந்த எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது, பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

போலந்து நாட்டு நிறுவனம் ஒன்று 2015இல் வெளியிட்ட 'தி விட்சர் 3: வைல்ட் ஹன்ட்' அவளுக்குப் பிடித்தது. அதன் பெரிய வில்லன் எரெடின். மண்டையோட்டு முகமூடி, இரும்புக் கவசம், வானத்தில் பாயும் பேய்க் குதிரைப்படை, அவன் வந்தால் நிலமெல்லாம் உறைபனி.

"பயமா இல்லையாடி?"

"இவனுக்கா? எப்படியும் கடைசில நான்தான் கொல்லப்போறேன், பெரியம்மா. மேல பாருங்க, செவப்புக் கோடு. அடிக்க அடிக்கக் குறையும்."

அந்தச் சிவப்புக் கோடு எனக்குப் பிடித்துப்போனது. வில்லனுக்கு மிச்சமிருக்கும் உயிரை அது அளந்து காட்டுகிறது. எவ்வளவு பெரிய அரக்கனாக இருந்தாலும் அளவு தெரிந்துவிட்டால் அவன் ஒரு வேலை, மாலைக்குள் முடித்துவிடலாம். பி.எஸ். வீரப்பாவின் சிரிப்புக்கும் நம்பியார் கைகளைப் பிசைவதற்கும் கொட்டகை நடுங்கியது என்பார்கள். அந்த நடுக்கத்தில் சுகம் கலந்திருந்தது. படம் முடிவதற்குள் எம்.ஜி.ஆர். வந்துவிடுவார் என்பதும் டிக்கெட்டோடு சேர்ந்ததுதானே.

அதே விளையாட்டில் சேறும் பஞ்சமும் பிடித்த வெலென் என்ற நாட்டில் ஒரு கோட்டைக்காரன் வருகிறான். ஊர் அவனை 'ரத்தப் பிரபு' என்கிறது. பருத்த உடம்பு, நரைத்த தாடி, வாய் நிறையப் பேச்சு. கதாநாயகனை உட்கார வைத்து உபசரிக்கிறான். மனைவி அன்னாவும் மகள் தமாராவும் காணாமல் போய்விட்டார்கள், தேடிக் கொடு என்கிறான். கண் கலங்குகிறது. அந்தக் கோட்டையில் அடைக்கலம் கேட்ட ஒரு பெண்ணை அவன் நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அதையும் நம் கண்ணால் பார்க்கிறோம்.

பிறகுதான் ஒவ்வொன்றாக அவிழ்கிறது. அவர்கள் காணாமல் போகவில்லை, தப்பி ஓடினார்கள். அவன் குடித்துவிட்டு அடிப்பவன். அப்படி ஓர் இரவில் அன்னாவின் கரு கலைந்தது. முறையாகப் புதைக்கப்படாத அந்தக் கரு பேயாகித் திரிகிறது. அதைக் கையில் ஏந்தி, பெயர் வைத்து, வாசலில் புதைத்தால்தான் சாந்தி. அதையும் அவன் அழுதுகொண்டே செய்கிறான்.

"பாவம்ல அந்த ஆளு" என்றாள் தங்கை மகள்.

எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. முதுகு சில்லிட்டதும் அப்போதுதான். மணிக்கணக்காக யாருடைய கதையைக் கேட்டுக்கொண்டிருந்தோம்? அவன் சொன்ன கதை. அவள் வேறொருவனோடு போனாள், அவன் போர்க்களத்திலிருந்து திரும்பிவந்து பார்த்தான், அவள் சீண்டினாள், அவன் குடித்தான். எல்லாமே அவன் வாய். அன்னாவை நாம் நேரில் பார்க்கும்போது அவள் சதுப்புநிலத்துச் சூனியக்காரிகளிடம் அடிமையாகிப் புத்தி பேதலித்துக் கிடக்கிறாள். முக்கியமான முடிவுகள் இரண்டு. ஒன்றில் அன்னா செத்துப்போகிறாள், அவன் தூக்கில் தொங்குகிறான். மற்றதில் அவளுக்கு வைத்தியம் பார்க்க மலைக்கு அழைத்துப்போகிறான். 'நீ இவனோடு போகிறாயா?' என்று அவளைக் கேட்க அந்த விளையாட்டில் பொத்தான் இல்லை.

இந்த ஆளைச் சிவப்புக் கோட்டால் அளந்துவிட முடியாது. வில்லன் என்று அந்த விளையாட்டே அவனை அழைக்கவில்லை. அடித்தவன் அழுதால் ஊர் அவன் பக்கம் திரும்பும் என்பதை எழுதியவர்கள் சரியாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். வல்லத்திராக்கோட்டையில் உட்கார்ந்து பார்த்த எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பஞ்சாயத்தில் துண்டை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கும் மாப்பிள்ளையை இங்கே எல்லோரும் அறிவார்கள். பெண் வீட்டார் அவனுக்கு சோடா வாங்கிக் கொடுப்பார்கள்.

மற்ற விளையாட்டுகளிலும் நினைவில் தங்கிய வில்லன்கள் ஏதோ ஒரு வகையில் அந்தச் சிவப்புக் கோட்டை அழித்தவர்கள்தான். 1994இல் வந்த 'ஃபைனல் ஃபேன்டஸி 6'இல் கெஃப்கா என்ற கோமாளி பாதிக் கதையிலேயே ஜெயித்து உலகை அழித்துவிடுகிறான். மிச்சக் கதை முழுக்கச் சாம்பலில் நடக்கிறது. 2000இல் வந்த 'பால்டர்ஸ் கேட் 2' தொடங்கும்போதே நாம் ஐரெனிகஸ் என்பவனின் கூண்டுக்குள் இருக்கிறோம். அவன் நம்மைச் சோதித்துப் பார்க்கிறான், குரல் உயரவே இல்லை. கத்துகிற வில்லனுக்கு நம்மிடம் ஏதோ வேண்டியிருக்கிறது. கத்தாதவனுக்கு அது ஏற்கெனவே கிடைத்துவிட்டது.

1997இல் வந்த 'ஃபைனல் ஃபேன்டஸி 7'இல் செஃபிரோத் ஏரித் என்ற பெண்ணைப் பின்னாலிருந்து வாளால் குத்திக் கொல்கிறான். உலகமெங்கும் விளையாடியவர்கள் அழுததாகச் சொல்லப்படும் காட்சி. எனக்கு அது பழைய வழியாகவே படுகிறது. வில்லனின் கொடுமையைக் காட்ட ஒரு பெண்ணின் உடல், நாயகனின் துக்கத்தை ஆழமாக்க அதே உடல். நம் சினிமாவுக்கும் இது புதிதல்ல. 1957இல் வந்த 'மகாதேவி'யில் வீரப்பா, மணந்தால் அவள், இல்லையேல் சாவு என்று ஒரு பெண்ணைக் குறித்துச் சொன்ன வசனம் இன்றும் மிமிக்ரி மேடையில் கைதட்டு வாங்குகிறது. 'மாட்டேன்' என்று சொன்ன பெண்ணைத் தெருத்தெருவாகப் பின்தொடர்வதற்கு நாயகனுக்கு அதே சினிமா பாட்டுப் போட்டுக் கொடுத்தது. நோக்கத்தில் இருவருக்கும் அதிக வித்தியாசமில்லை. பின்னணி இசைதான் வேறு.

பயத்தைக் கதை உண்டாக்குகிறது, சரி. யாரைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதையும் அதுவேதான் முடிவு செய்கிறது. எனக்கு நெருடுவது இந்த இரண்டாவது வேலை.

சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லனுக்குப் பெயர் கிடையாது. கோவலனை அவன் வெட்டவில்லை. அரசனிடம் போய் ஒரு பொய்யைச் சொன்னான், அவ்வளவே. ஆராயாமல் ஆணையிட்டது பாண்டியன், வெட்டியது காவலன் ஒருவனின் வாள். பொற்கொல்லனின் பலமெல்லாம் அவன் சொல்லை உடனே நம்பத் தயாராக இருந்த ஓர் அரசின் பலம். பாண்டியன் தன் தவறை உணர்ந்து அரியணையிலேயே உயிர் விட்டான். காவியம் அவனைத் தாங்கிப் பிடிக்கிறது. பிறகு கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகிக்கு ஆயிரம் பொற்கொல்லரைப் பலி கொடுத்தான் என்கிறது அதே நூலின் உரைபெறு கட்டுரை. ஒருவன் பொய்யன், ஆயிரம் தலை. வில்லனுக்கு ஒரு முகம் பொருத்திவிட்டால் அந்த முகச்சாயல் உள்ளவர்களெல்லாம் கணக்குத் தீர்க்க வேண்டியவர்களாகிவிடுகிறார்கள். இந்த வரலாற்றை வகுப்பில் நடத்தும்போது மாணவிகள் பெரும்பாலும் கண்ணகியின் கோபத்தைப் பற்றியே கேட்கிறார்கள். ஆயிரத்தைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு.

அரிச்சந்திரா நாடகத்தின் விசுவாமித்திரரோ ஒரு விதியையும் மீறாதவர். கொடுத்த வாக்கைக் கேட்கிறார், தவணை தருகிறார், வசூலுக்கு ஆள் அனுப்புகிறார். சந்திரமதி விலைக்குப் போகிறாள், மகனும் போகிறான். கடைசியில் எல்லாம் சோதனை என்று சொல்லிவிடுவதால் அவரை வில்லன் என்று கூப்பிடவும் முடியாது. புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவிழா மேடைகளில் மயான காண்டம் வரும்போது பெண்கள் அழுவதைப் பார்த்திருக்கிறேன். நல்லதங்காளுக்கும் அப்படித்தான் அழுவார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. முனிவரை யாரும் ஏசுவதில்லை. அலங்காரியை ஏசாமல் யாரும் எழுந்து போவதில்லை.

அவள் பெயரையே பாருங்கள். 'மூளி' என்றால் காதும் கழுத்தும் வெறுமையாகக் கிடப்பவள். 'அலங்காரி' என்றால் அலங்கரித்துக்கொண்டவள். அலங்கரித்தாலும் குற்றம், இல்லாவிட்டாலும் குற்றம். ஒரு பெண்ணை வைய இரண்டு வழியையும் ஒரே பெயரில் கட்டி வைத்திருக்கிறார்கள். அண்ணன் நல்லதம்பி அந்த நேரத்தில் வீட்டில் இல்லை. நல்லவன், திரும்பி வந்து கதறி, மனைவியைத் தண்டித்து, தானும் மாண்டுபோகிறான். விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்புப் பக்கத்து அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயில் இருக்கிறது. இத்தனை கண்ணீரிலும் ஒரு கேள்வி மட்டும் நனையவே இல்லை: பிறந்த வீட்டில் ஒரு கைப்பிடி அரிசிக்கு நல்லதங்காள் ஏன் அண்ணன் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும்? அந்தக் குதிரில் அவளுக்குப் பங்கு இல்லையா?

இல்லை. கதை நடந்ததாகச் சொல்லப்படும் காலத்தில் இல்லை. 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் தகப்பன் சொந்தமாகச் சம்பாதித்ததில் மகளுக்கும் பங்கு தந்தது. பூர்வீகக் கூட்டுச் சொத்தில் மகனுக்கு நிகரான உரிமையைத் தமிழ்நாடு 1989இல் கொண்டுவந்தது, அதுவும் அதற்கு முன்பே கல்யாணமாகிப் போனவர்களை விட்டுவிட்டு. நாடு முழுமைக்கும் 2005இல் வந்தது. அந்தத் திருத்தம் வந்தபோது தகப்பன் உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது மகளின் பிறப்புரிமை என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது 2020இல்.

சட்டம் வந்தது. கூடவே சார்பதிவாளர் அலுவலகத்து வாசலில் விடுதலைப் பத்திரமும் வந்தது. எனக்கு எந்தப் பங்கும் வேண்டாம், உடன்பிறந்தானுக்கே விட்டுக்கொடுக்கிறேன் என்று மகள் எழுதிக் கொடுக்கும் பத்திரத்துக்குத் தமிழில் அப்படித்தான் பெயர். 'விடுதலை' என்ற சொல்லைப் பற்றி எத்தனையோ கவியரங்கங்களில் பேசிவிட்டேன். அதை முத்திரைத்தாளில் வேறு பொருளில் முதலில் படித்தது தாத்தா இறந்த வருஷம், அம்மா கையெழுத்துப் போட்டபோது. மாமா கெட்டவர் இல்லை. அன்றைக்கு எல்லோருக்கும் ஓட்டலில் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார், அம்மாவுக்குப் பட்டுச்சேலை எடுத்தார், எனக்கும் தங்கைக்கும் காதுகுத்துக்குச் செய்த சீரை நினைவுபடுத்தினார். யாரும் மிரட்டவில்லை. 'கையெழுத்துப் போடலைன்னா அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போறது?' என்று அம்மாவே சொன்னார். அந்த மேசையில் இருந்த அத்தனை பேருடைய முகத்தையும் நான் பார்த்தேன். வில்லன் என்று கை நீட்ட ஒருவரும் இல்லை. அதைவிட எனக்குப் பயம் தந்த காட்சியை எந்த விளையாட்டிலும் பார்க்கவில்லை.

என்னிடம் படிக்கும் முதுகலை மாணவிகளிடம் ஒருமுறை, அலங்காரி பேசுவதுபோல் ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். பலர் அவளை நல்லவளாக்கினார்கள். நல்லதங்காள் கர்வக்காரி என்று புதுக்கதை கட்டினார்கள். அதில் எனக்கு ருசி இல்லை. வாழைமட்டை கொடுத்தவள் கொடுத்தவள்தான், ஏழு பிள்ளைகள் செத்தது செத்ததுதான். ஒரு பெண் மட்டும் அவளை நல்லவளாக்கவில்லை. அவள் எழுதிய அலங்காரி கதவிடுக்கு வழியாகப் பார்க்கிறாள். முற்றத்தில் நிற்பவளின் கிழிந்த சேலையையும் பிள்ளைகளின் ஒட்டிய வயிற்றையும் பார்க்கிறாள். தனக்கும் ஓர் அண்ணன் இருப்பதும், அவன் வீட்டிலும் ஒருத்தி குதிர் சாவியோடு நிற்பதும் நினைவுக்கு வருகிறது. நாளைக்கு இந்த வீடு கைவிட்டால் தான் போய் நிற்க வேண்டிய முற்றம் அதுதான் என்று தெரிகிறது. தெரிந்துகொண்டே கொல்லைக்குப் போகிறாள். காய்ந்த விறகு ஒரு பக்கம் அடுக்கியிருக்கிறது. வாழைமட்டை இன்னொரு பக்கம் கிடக்கிறது. அந்தப் பக்கம் அங்கே முடிகிறது. எதை எடுத்தாள் என்று அவள் எழுதவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"அதுதான் எல்லாருக்கும் தெரியுமே, மேம்" என்றாள்.