கார்த்திகைப் பெண்களிடம் யாராவது கேட்டார்களா?



இது கோவில் பதிவும் இல்ல, விரதமுறைப் பதிவும் இல்ல. ரெண்டு வருஷமா மனசுல உறுத்திக்கிட்டே இருக்கிற ஒரு கேள்வி. முருகன் கதையிலேயே அதுக்கு ஒரு வெளிச்சம் கிடைச்சதால இங்க எழுதறேன். குழந்தைகளோட வெளிநாடு போகலாம்னு யோசிக்கிறவங்களும், பிள்ளைகளை அனுப்பி வச்சுட்டு ஊர்ல இருக்கிற பெரியவங்களும் படிக்கணும்னு ஆசை. கொஞ்சம் பெரிய பதிவு, பொறுத்துக்கோங்க.

எங்களுக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர். சரவணம்பட்டியில ஒரு கம்பெனியில சாஃப்ட்வேர் இன்ஜினியரா இருந்தேன். பொண்ணு பிறந்தப்போ 26 வாரம் பிரசவ விடுப்பு. அது முடிஞ்ச அன்னிக்குக் காலையில குழந்தையை என் மாமியார் கையில கொடுத்துட்டு பஸ் ஏறினேன். அவங்களை நான் அத்தைன்னு கூப்பிடுவேன். என் பொண்ணுக்கு அவங்க அப்பத்தா.

அடுத்த மூணு வருஷம் காலையில எட்டு மணியில இருந்து ராத்திரி எட்டு மணி வரைக்கும் என் பொண்ணுக்கு அம்மா யாருன்னு கேட்டா, உண்மையான பதில் நான் இல்ல. பருப்பு சாதம் பிசைஞ்சு ஊட்டினது, காய்ச்சல்ல தோள்லயே போட்டு நடந்தது, மருதமலை படியில கையைப் பிடிச்சு ஏத்தினது எல்லாமே அத்தை. ரெண்டாவது பையன் பிறந்ததும் அவனையும் அதே கையிலதான் கொடுத்தேன்.

அப்புறம் லண்டன்ல வேலை கிடைச்சது. விசா என் பேர்ல. கணவரும் குழந்தைகளும் என்னைச் சார்ந்தவங்களா வரலாம். பொண்ணுக்கு நாலு வயசு, பையனுக்கு ஒண்ணு.

சொந்தக்காரங்க குரூப்ல செய்தி போட்டதும் வாழ்த்துகளுக்கு நடுவுல ஒரு பெரியப்பா மாம்பழக் கதையை ஃபார்வர்டு பண்ணினார். உலகத்தைச் சுத்தினவன் தோத்தான், பெத்தவங்களைச் சுத்தினவன் ஜெயிச்சான். யாருக்கு அந்தக் கதைன்னு எல்லாருக்கும் புரிஞ்சது. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. ஆனா நான் கும்பிடறது உலகத்தைச் சுத்தினவரைத்தானே! கோபிச்சுக்கிட்டு மலைக்குப் போன பிள்ளையைத் தேடிக்கிட்டு அப்பாவும் அம்மாவும்தானே பழனிக்கு வந்தாங்க? அப்படி எனக்குள்ளயே ஒரு பதில் சொல்லிக்கிட்டேன்.

விசா விதிகளைப் படிச்சப்போ அந்தப் பதிலும் நிக்கல. பிரிட்டன்ல 2012 ஜூலையில இருந்து வயசான பெத்தவங்களை நிரந்தரமா கூட்டிட்டு வர்ற விதி ரொம்ப இறுகிப் போச்சு. குளிக்க, உடுத்த, சமைக்கக்கூட இன்னொருத்தர் துணை வேணும்ங்கிற நிலையில அவங்க இருக்கணும். அந்தத் துணை சொந்த நாட்டுல பணம் கொடுத்தாலும் கிடைக்காதுன்னு நிரூபிக்கணும். அதுவும் பொதுவா அங்கே நிரந்தரமா குடியேறினவங்கதான் அவங்களைக் கூப்பிட முடியும். என்னை மாதிரி வேலை விசாவுல இருக்கிறவங்களுக்கு அந்த வழியே கிடையாது. சுற்றிப் பார்க்க வர்ற விசாவுல ஒரு தடவைக்கு அதிகபட்சம் ஆறு மாசம். அவ்வளவுதான். பழனி மலைக்கு சிவனும் பார்வதியும் ஏறி வர முடிஞ்சது. இந்த மலைக்கு விசா கிடைக்காது.

இதெல்லாம் தெரிஞ்சுதான் போனோம். "எதுக்கு இப்படிக் கஷ்டப்பட்டு போறீங்க?"ன்னு கேட்டவங்களுக்கு ஒரே பதில் வச்சிருந்தோம். "குழந்தைங்களுக்காக."

இந்த வார்த்தையை இப்போ கொஞ்சம் நிறுத்திப் பார்க்கணும்னு தோணுது. நாலு வயசுக் குழந்தை லண்டன் கேட்டுச்சா? ஒரு வயசுப் பையனுக்கு நல்ல பள்ளிக்கூடம் வேணும்னு தோணுச்சா? அரசுப் பள்ளியில பணம் கட்டாம படிக்கலாம், நல்ல பூங்கா, நல்ல நூலகம், எல்லாம் உண்மைதான். ஆனா வேலை எனக்குப் பிடிச்சிருந்துச்சு. சம்பளம் பிடிச்சிருந்துச்சு. ஒரு பெரிய ஊரைப் பார்க்கணும்னு காலேஜ் காலத்துல இருந்தே ஆசை. இதுல எதுவுமே பாவம் இல்ல. பாவம் எங்கன்னா, என் ஆசையைக் குழந்தைங்க தலையில ஏத்தி வச்சதுல. "எனக்காகப் போறேன்"னு சொல்லியிருந்தா, அதனால இன்னொருத்தருக்கு என்ன நஷ்டம்னு யாராவது கேட்கலாம். "குழந்தைங்களுக்காக"ன்னு சொல்லிட்டா யாரும் வாயைத் திறக்க முடியாது. அத்தையும் திறக்கல.

போன வருஷம் கார்த்திகை விரத நாள் ஒண்ணுல கந்தபுராணக் கதை ஒண்ணைப் பொண்ணுக்குச் சொல்லிக்கிட்டிருந்தேன். நெற்றிக்கண்ணுல இருந்து ஆறு பொறி. சரவணப் பொய்கையில ஆறு தாமரை, ஆறு குழந்தை. ஆறு கார்த்திகைப் பெண்கள் பாலூட்டி வளர்க்கிறாங்க. அப்புறம் பார்வதி வந்து ஆறு பேரையும் சேர்த்து அணைக்க, ஆறுமுகம் ஒண்ணாகி கந்தன் ஆகிறார்.

பொண்ணு கேட்டா: "அப்போ அந்த ஆறு அம்மாவும் எங்க போனாங்க?"

எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு. எத்தனை தடவை கேட்ட கதை! பார்வதி அணைச்ச இடத்துல கைகூப்பிக் கண்ணு கலங்கியிருக்கேன். அந்த நிமிஷம் ஆறு பேரோட மடி காலியாச்சேன்னு ஒரு நாளும் நினைச்சதில்ல. ஏன்னா அந்தக் கதையில நான் எப்பவும் பார்வதி.

அதுக்கப்புறம் கதை என்ன சொல்லுதுன்னு யோசிச்சேன். பார்வதி செஞ்சது தப்புன்னு கதை சொல்லல. பெத்தவ பிள்ளையைக் கூட்டிட்டுப் போறா, அது அவ உரிமை. ஆனா சிவபெருமான் அந்த ஆறு பேரையும் வெறும் கையோட அனுப்பல. ரெண்டு கொடுத்தார். ஒண்ணு பேர்: நீங்க வளர்த்ததால இவன் கார்த்திகேயன்னு அழைக்கப்படுவான். இன்னொண்ணு நாள்: உங்க கார்த்திகை நட்சத்திரத்துல விரதம் இருந்தா இவன் அருள் கிடைக்கும். இன்னிக்கும் மாசா மாசம் கார்த்திகை வருது. நாம விரதம் இருக்கோம். பெத்தவ பேரைச் சொல்லிப் பிள்ளையைக் கூப்பிடற மாதிரியே, வளர்த்தவங்க பேரைச் சொல்லியும் கூப்பிடறோம்.

இதுல எனக்குப் புரிஞ்சது இதுதான். வளர்த்த கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாது. பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தாத்தான் அது தீரும், அது முடியாது. ஆனா தீர்க்க முடியாத கடன்னா அது இல்லாம போயிடாது. கடன் இருக்குன்னு வாய்விட்டுச் சொல்றதும், அதுக்கு ஒரு பேரும் ஒரு நாளும் ஒதுக்கறதும் நம்ம கையில இருக்கு.

"பேரப்பிள்ளையைப் பார்த்துக்கிறது பாட்டியோட கடமை தானே, அவங்க என்ன சம்பளமா கேட்டாங்க?"ன்னு சிலர் சொல்லலாம். சம்பளம் கேட்காததாலதான் பிரச்சினையே. சம்பளத்துக்குப் பார்த்திருந்தா கணக்கு முடிஞ்சிருக்கும். அன்புக்குப் பார்த்தாங்க, அதனால அவங்களுக்கு ஒரு சொல்லு இருக்கு.

அந்தச் சொல்லை நாங்க கேட்டோமா? இல்ல. இதுதான் என் உறுத்தல்.

எங்க ஆபீஸ்ல ஓடிக்கிட்டிருக்கிற சிஸ்டத்துல ஒரு சின்ன மாத்தம் செய்யணும்னாலும் சேஞ்ச் ரெக்வெஸ்ட் போடணும். இதனால யார் யாருக்குப் பாதிப்புன்னு எழுதி, ஒவ்வொருத்தர்கிட்டயும் அப்ரூவல் வாங்கணும். ஒரு பட்டனை இடம் மாத்த நாலு பேர்கிட்ட கேட்ட நான், ரெண்டு குழந்தையை ஒரு பாட்டி கையில இருந்து எடுக்க யார்கிட்டயும் கேட்கல. நாலு பேருக்கும் மூணு வருஷத்துக்கு மருத்துவ வரி மட்டும் 10,866 பவுண்டு. பெரியவங்களுக்கு ஆளுக்கு வருஷம் 1,035, குழந்தைக்கு 776. பத்து லட்சம் ரூபாய்க்கு மேல. அதைப் பத்தி ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து பேசினோம். அத்தைகிட்ட முடிவெடுத்த பிறகு "ஆகஸ்ட்ல கிளம்பறோம் அத்தை"ன்னு சொன்னோம். அவங்க "நல்லது கண்ணு"ன்னு சொல்லிட்டு அடுப்பைப் பார்க்கப் போயிட்டாங்க.

லண்டன் வந்து செப்டம்பர்ல பொண்ணு ரிசப்ஷன் வகுப்புல சேர்ந்தா. முதல் ஆறு வாரம் அங்க ஒரு வார்த்தை பேசலைன்னு டீச்சர் சொன்னாங்க. டிசம்பர்ல நாலு மணிக்கே இருட்டிடும். ஸ்கூல் விட்டு வந்ததும் "ராத்திரி ஆயிடுச்சு, அப்பத்தா ஏன் இன்னும் வரல?"ன்னு கேட்பா. அப்புறம் மெல்ல இங்கிலீஷ் வந்துச்சு. வந்த வேகத்துல தமிழ் போச்சு. ஒரு நாள் வீடியோ காலில் அத்தை கேட்ட எல்லாத்துக்கும் இங்கிலீஷ்லயே பதில் சொன்னா. அத்தை சிரிச்சாங்க. "பேத்தி நல்லாப் பேசறா"ன்னு சொன்னாங்க. அவ என்ன பேசினான்னு அவங்களுக்குப் புரியல. அதைக் கேட்கவும் இல்ல.

அந்த வாரம் ஆர்ச்வே ரோட்டுல இருக்கிற ஹைகேட் ஹில் முருகன் கோவிலுக்குப் போனோம். இலங்கைத் தமிழர்கள் பாடுபட்டு உண்டாக்கின கோவில். பிரசாதம் கொடுத்துக்கிட்டிருந்த வயசான யாழ்ப்பாணத்து அம்மா ஒருத்தர் பொண்ணு தலையைத் தடவி, "அம்மம்மா எங்க, ஊரிலயோ?"ன்னு கேட்டாங்க. எப்படியோ பேச்சு வளர்ந்து நான் எல்லாத்தையும் கொட்டிட்டேன். அவங்க அமைதியா கேட்டுட்டு ஒண்ணு சொன்னாங்க: "நாங்கள் ஒருத்தரையும் கேட்டுப்போட்டு வரேல்ல பிள்ளை. ஓடி வந்தனாங்கள். கேக்க நேரமில்லை. அம்மாவை அதுக்குப் பிறகு நான் காணேல்ல. உங்களுக்கு நேரம் இருந்தது தானே? இப்பவும் இருக்கு தானே?"

அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

இந்த ஏப்ரல்ல லீவுக்கு ஊருக்குப் போனப்போ, வாசல்ல அத்தை கீரை ஆய்ஞ்சுக்கிட்டிருந்த நேரம் பார்த்துப் பக்கத்துல உட்கார்ந்தேன். "அத்தை, நாங்க போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட கேட்டிருக்கணும். கேட்கல. தப்பு என் மேலதான்"னு சொன்னேன்.

கை நிக்கல. கீரையைப் பார்த்துக்கிட்டே சொன்னாங்க: "கேட்டிருந்தா போயிட்டு வாங்கன்னுதான் சொல்லியிருப்பேன் கண்ணு. ஆனா கேட்டிருக்கலாமில்ல?"

அவ்வளவுதான். அழவும் இல்ல, திட்டவும் இல்ல. ஆனா அந்த "கேட்டிருக்கலாமில்ல"வுல ரெண்டு வருஷம் இருந்துச்சு. அனுப்பி வைக்கிறது வேற, எடுத்துட்டுப் போகப்படறது வேற. ரெண்டுலயும் வீடு காலியாகும். முதலாவதுல காலி பண்ணின கை அவங்களோடதா இருக்கும்.

ஒண்ணு மட்டும் நேர்மையா ஒத்துக்கணும். கேட்கறதுன்னா "வேண்டாம்"ங்கிற பதிலுக்கும் தயாரா இருக்கணும். அவங்க வேண்டாம்னு சொல்லியிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்? ஒருவேளை அப்பவும் கிளம்பியிருப்பேன். ஆனா அவங்களுக்கு ஒரு சொல்லு இருந்திருக்கும், அது என் மனசுல கனமா உட்கார்ந்திருக்கும். அந்தக் கனத்துக்குப் பயந்துதான் கேட்காம விட்டேன்னு இப்போ தெரியுது.

இப்போ எங்க வீட்டுல ரெண்டு பழக்கம். ஒண்ணு, ஸ்கூல் விட்டு வந்து கூப்பிட்டா குளிர்காலத்துல ஊர்ல ராத்திரி ஒன்பதரை, அத்தை தூங்கற நேரம். அதனால காலையில ஏழரைக்குக் கூப்பிடறோம். அங்க மத்தியானம் ஒரு மணி. அப்பத்தா அங்க சாப்பிட, பேத்தி இங்க சாப்பிட, தமிழ்லதான் பேச்சு. வார்த்தை தெரியலைன்னா அப்பத்தாகிட்டயே கேட்கணும். இன்னொண்ணு, மாசா மாசம் கார்த்திகை அப்பத்தா நாள். அவங்க அங்க விரதம், நான் இங்க விரதம். விளக்கேத்தினதும் "உன்னை யார் வளர்த்தது?"ன்னு பொண்ணைக் கேட்பேன். "அப்பத்தா, அம்மா, அப்பா"ன்னு சொல்லுவா. வரிசை அவளே வச்சது. நான் மாத்தல. பையனுக்கு அப்பத்தாவோட கை ஞாபகம் இருக்காது. அவனுக்காகவும் சேர்த்துத்தான் அந்த விளக்கு.

இதனால எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். அத்தைக்கு 63 வயசு. வருஷத்துக்கு மூணு வாரம்தான் நாங்க ஊருக்கு வர முடியுது. மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கலாம்.

போகலாமா வேண்டாமான்னு யாருக்கும் நான் சொல்ல வரல. முருகனே உலகத்தைச் சுத்தினவர்தான். ஆனா கிளம்பறவங்க டிக்கெட் போடறதுக்கு முன்னாடி உங்க வீட்டுக் கார்த்திகைப் பெண் யாருன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. மாமியாரா இருக்கலாம், அம்மாவா இருக்கலாம், பக்கத்து வீட்டு அக்காவா இருக்கலாம். அவங்க பக்கத்துல போய் உட்கார்ந்து கேளுங்க. ஏற்கனவே போயிட்டவங்க இன்னிக்கே போன் போட்டுக் கேளுங்க. இப்பவும் நேரம் இருக்கு.

வளர்த்தவங்க பேரையே தன் பேரா வச்சுக்கிட்ட கார்த்திகேயன் எல்லாருக்கும் துணை இருப்பான்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!