தைத்தது யார்?

வான்கோ 1886இல் பாரிசில் இருந்தபோது ஒரு ஜோடிப் பழைய பூட்ஸை வரைந்தார். தேய்ந்து, ஒன்றின் மேல்தோல் மடங்கிச் சரிந்து, கயிறு அவிழ்ந்து கிடக்கிற பூட்ஸ். பக்கத்தில் ஆள் இல்லை, வீடு இல்லை. நெசமாவே அழகான படம்தான்.

ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கர் 1935-36இல் கலை பற்றி ஆற்றிய உரைகளில், வான்கோ வரைந்த அப்படியொரு ஜோடியைக் குடியானவப் பெண்ணின் காலணி என்றார். ஈரமண், வயலின் தனிமை, உழைத்த களைப்பு எல்லாம் அதற்குள்ளே அவருக்குத் தெரிந்தன. (1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். இவங்க மண்ணைப் பத்தி உருகும்போது நாம கொஞ்சம் சுதாரிப்பா இருக்கணும்.) அவர் சொன்ன படம் இதுதான் என்று தேடிப்பிடித்த கலை வரலாற்றாசிரியர் மேயர் ஷாபிரோ 1968இல் மறுத்தார்: இது நகரத்தில் வாழ்ந்த ஓவியனின் சொந்த பூட்ஸ்.

போட்டு நடந்தது யார் என்பதுதான் இரண்டு பேருக்கும் வழக்கு. தைச்சது யாருன்னு ஒருத்தரும் கேக்கலை.

நம்ம ஊரில் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. ஆவாரம்பட்டைத் தண்ணியில் தோலை ஊறப்போட்டு, குத்தூசியால் துளைத்து, மெழுகு பூசின நூலை இழுத்துத் தைத்த அருந்ததியர், ஊர்த்தெரு வந்ததும் செருப்பைக் கழட்டிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். சுதந்திரத்துக்கு அப்புறமும் எத்தனையோ ஊர்களில் இதுதான் நடந்தது. செருப்பு வேணும், செஞ்ச கை ஆகாது. அதே செருப்பைக் கோட்டோவியமாக்கிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டால் தோல் வாடையும் போச்சு, சாதியும் போச்சு! எளிய பொருளின் அழகை இனி தாராளமாக ரசிக்கலாம்.

அதுக்காக, 'இதெல்லாம் மேட்டுக்குடி ரசனை, நமக்கு எதுக்கு' என்கிற தோழர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. தையல் ஒரே அளவில் ஓடுவதும், கால் கடிக்கும் இடம் தெரிந்து தோலைச் சீவி மெல்லிசாக்குவதும் படம் வருவதற்கு முந்தியே அழகுதான். தைத்தவருக்கு அது தெரியும். அவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

வான்கோவுக்கு இது கொஞ்சம் உறைத்திருக்கிறது. 1885இல் 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' வரைந்தபோது, தட்டில் நீளும் இதே கைகள்தான் மண்ணைத் தோண்டின என்று பார்ப்பவருக்குத் தெரியவேண்டும் எனத் தம்பிக்கு எழுதினார். பூட்ஸ் படத்தில் அப்படி ஒரு கை இல்லை. ஆனால் கயிறு கோக்கிற துளைகள் இருக்கின்றன. அதை யாரோ ஒரு தொழிலாளி குத்தியிருக்கிறார்.