நலம் விசாரிக்கப் போகும் கைகள்



நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமைகளில் ஒன்று. நம் ஜமாஅத்தில் யாராவது ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறார் என்று தெரிந்தால், ஜும்ஆ முடிந்ததும் நாலைந்து பேராகப் புறப்பட்டு விடுகிறோம். அல்ஹம்துலில்லாஹ், நல்ல பழக்கம். ஆனால் நல்ல நிய்யத்தோடு போன நம்மாலேயே அந்த நோயாளிக்கோ, பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவருக்கோ தீங்கு வந்தால், நிய்யத் மட்டும் நம்மைக் காப்பாற்றுமா?

இது கற்பனைக் கேள்வி அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். மருத்துவமனையில் சேரும் 100 பேரில் பணக்கார நாடுகளில் 7 பேருக்கும், மற்ற நாடுகளில் 15 பேருக்கும் அங்கே இருக்கும்போதே புதிதாக ஒரு தொற்றாவது ஏற்படுகிறது. அவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இறந்து விடுகிறார்.

ஜெனரல் வார்டில் கட்டில்கள் நெருக்கமாகக் கிடக்கின்றன. ஆபரேஷன் புண், டிரிப்ஸ் ஊசி, சிறுநீர்க் குழாய் ஆகிய ஒவ்வொன்றும் கிருமி உள்ளே நுழைவதற்கான வாசல். அந்த வாசல் வரை கிருமியைக் கொண்டு சேர்ப்பது பெரும்பாலும் மனிதனின் கைதான். 1847இல் வியன்னா நகர மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை செய்த கையோடு டாக்டர்கள் பிரசவம் பார்த்தார்கள். தாய்மார்களில் 100க்கு 18 பேர் வரை இறந்த மாதமும் உண்டு. குளோரின் கலந்த நீரில் கை கழுவ வேண்டும் என்று செம்மல்வைஸ் என்ற மருத்துவர் கட்டாயமாக்கியதும், சில வாரங்களில் அது 2 அளவுக்குக் குறைந்தது. அந்த டாக்டர்களின் எண்ணத்தில் குறையில்லை, கையில்தான் குறை.

சகோதரர்களே! தூங்கி எழுந்தவர் கையைக் கழுவாமல் பாத்திரத்துத் தண்ணீரில் விட வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இரவில் தம் கை எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியாது என்பதே காரணம். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. கையில் அசுத்தம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. தெரியாது என்பதே கழுவப் போதுமான காரணம். தண்ணீருக்கே இவ்வளவு கவனம் என்றால், ஒரு மனிதனின் உயிருக்கு எவ்வளவு வேண்டும்!

"எனக்கு வுழூ இருக்கிறதே" என்று சிலர் நினைக்கலாம். பஸ் கம்பியைப் பிடித்தாலும் வுழூ முறியாது; கை அழுக்காகி விடும். வார்டில் வரிசையாக ஒவ்வொருவருக்கும் முஸாஃபஹா செய்துகொண்டே போகிறவர் அன்பைக் கொடுக்கிறார். அதோடு ஒரு கட்டிலின் கிருமியை அடுத்த கட்டிலுக்கும் கொடுத்து விடக்கூடும்.

தவறுதலாக நடந்த கொலைக்குக்கூட நஷ்டஈடும் பரிகாரமும் உண்டு என்று அந்நிஸா அத்தியாயம் சட்டம் சொல்கிறது. கை கழுவாதவரைக் கொலையாளி என்று நான் சொல்லவில்லை. எண்ணம் இல்லை என்பதால் பொறுப்பும் இல்லை என்று ஆகிவிடாது என்பதை அதிலிருந்து விளங்கிக் கொள்ளுங்கள். அடியார்களுக்குச் செய்த தீங்கை அந்த அடியார்தான் மன்னிக்க வேண்டும். நம் கையால் பாதிக்கப்பட்டவர் யார் என்றே தெரியாதபோது, யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

எனவே நோயாளியைத் தொடும் முன்பும், தொட்ட பின்பும் சோப்பால் கை கழுவுங்கள். சானிடைசரில் ஆல்கஹால் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். கிருமியைக் கொல்ல வெளியே பூசுவது கூடும் என்று 2002இல் மக்காவில் கூடிய ஃபிக்ஹு கவுன்சில் தீர்ப்பளித்திருக்கிறது. கட்டிலில் உட்காராதீர்கள். டிரிப்ஸையும் கட்டையும் தொடாதீர்கள். சளி, காய்ச்சல் இருந்தால் போனில் விசாரித்து, வீட்டிலிருந்தே துஆ செய்யுங்கள். "கை கழுவினீர்களா?" என்று கேட்க நோயாளி கூச்சப்படுவார். அவர் கேட்பதற்கு முன் நாமே செய்து விடுவோம்.

நம் கைகளால் எவருக்கும் தீங்கு நேராமல் அல்லாஹ் பாதுகாப்பானாக! நோயுற்ற அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தருவானாக! ஆமீன்.