‘ஒண்ணும் ஏறல’ என்பது சாட்சியமா?

தூக்க மாத்திரையைப் பற்றி இரண்டு பேரிடம் கேட்டுப் பாருங்கள். குடிக்காதவர், “அரை மாத்திரைதான், மறுநாள் மதியம் வரைக்கும் தலையைத் தூக்க முடியல” என்பார். தினமும் குடிப்பவர், “அதெல்லாம் எனக்கு ஒண்ணும் பண்ணாது” என்பார். இருவருமே பொய் சொல்லவில்லை. எனக்குச் சிக்கலாகப் படுவது அதுதான்.

மூளையின் பரபரப்பைத் தணிப்பது காபா என்ற வேதிப்பொருள். மதுவும் சரி, டயஸெபாம், அல்ப்ரஸோலாம் போன்ற மாத்திரைகளும் சரி, அதன் வேலையைக் கூட்டுகின்றன. தினமும் குடித்தால் மூளை அதற்கு ஈடாகத் தன்னை மாற்றிக்கொள்கிறது. பிறகு மாத்திரை போட்டாலும் பழைய மயக்கம் தெரிவதில்லை. குடியை நிறுத்துபவரின் நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் மருத்துவர்கள் இதே வகை மாத்திரைகளைத் தருவதற்கும் இந்த உறவே காரணம்.

உடல் மட்டும் காரணமில்லை. கஞ்சாவின் போதையை உணர்வதையே புகைப்பவர்கள் பிறரிடமிருந்து கற்றுக்கொள்கிறார்கள் என்று 1953இல் எழுதினார் அமெரிக்கச் சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர். ‘ஏறுவது’ என்றால் சிரிப்பு, சத்தம், தைரியம் என்று பழகியவருக்கு, மாத்திரை தரும் மந்தமும் மறதியும் போதையாகவே தெரியாமல் போகலாம்.

ஆனால் மயக்கம் தெரியாததால் ஆபத்து குறைந்துவிடாது. பழைய பார்பிச்சுரேட் தூக்க மருந்துகளில் இது தெளிவாகத் தெரிந்தது. பழகப் பழகத் தூக்கத்துக்கு அதிக அளவு தேவைப்பட்டது. உயிரைப் பறிக்கும் அளவு மட்டும் அவ்வளவாக உயரவில்லை. இன்றைய மாத்திரைகளும் மதுவோடு சேர்ந்தால் மூச்சை அடக்கிவிடக் கூடியவை.

“என் உடம்பு எனக்குத் தெரியாதா?” என்று ஒருவர் கேட்டால், நான் சட்டென்று மறுக்கமாட்டேன். வலிக்கிறது என்பவரை நம்பாத உலகம் கொடுமையானது. தான் உணர்வதைச் சொல்ல அவரைவிடத் தகுதியானவர் யாருமில்லை. ஆனால் ‘எனக்குத் தெரியல’ என்பதிலிருந்து ‘எதுவும் நடக்கல’ என்பதற்குத் தாவும்போது அந்தத் தகுதி போய்விடுகிறது. தன்னைக் கவனிக்கும் திறனையே மழுங்கடிப்பதுதானே அந்த மருந்தின் வேலை? அவர் வண்டி ஓட்டினால், பின்னால் உட்கார்ந்திருப்பவரின் உயிரும் அந்தத் தாவலை நம்பியே இருக்கிறது.

கேட்பவருக்கும் இதில் பொறுப்புண்டு. “குடிப்பீங்களா?” என்ற கேள்வி நம் ஊரில் பெரும்பாலும் குற்ற விசாரணை போலத்தான் வருகிறது. “எப்பவாவது சார்” என்று பதில் வரும். அடுத்த முறை “மாத்திரை கேக்கல சார்” என்பார். குடி தெரியாத மருத்துவர் அளவைக் கூட்டிவிடலாம். ஒழுக்கத்தை அளக்காமல், மருந்தளவுக்காக மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்டால் உண்மையான பதில் வர வழியுண்டு.