கவுந்தியடிகள் காட்டிய காவிரி வழி



திருச்சிராப்பள்ளி என்றவுடன் மலைக்கோட்டையும், திருவரங்கம் என்றவுடன் வானளாவிய கோபுரமும் நினைவுக்கு வரும். சமணராகிய நமக்கு இவ்விரு ஊர்களும் வேறொரு வகையிலும் உரியவை. மலைக்கோட்டைக் குன்றின் இயற்கைக் குகைத்தளத்தில் பண்டைத் துறவியரின் கற்படுக்கைகள் இன்றும் உள்ளன. காவிரியின் இரு கரைகளிலும் நடந்து சென்ற ஒரு சமணப் பெண்துறவியின் அடிச்சுவடுகளோ சிலப்பதிகாரத்தில் அழியாமல் பதிந்துள்ளன. அவரே கவுந்தியடிகள்.

புகார் நகரை விட்டுக் காவிரியின் வடகரை வழியே வந்த கோவலனும் கண்ணகியும் ஒரு காவதம் கடந்து கவுந்தியின் பள்ளியை அடைகின்றனர். கண்ணகியின் மெல்லடிகளைக் கண்டு அடிகள் இரங்குகிறார். மதுரையில் வாழும் தவத்தோரிடம் அறம் கேட்கவும், அறிவனை வணங்கவும் தமக்கிருந்த விருப்பத்தைக் கூறித் தாமும் உடன் புறப்படுகிறார். அவ்வமயம் வழியின் இயல்பைப் பற்றி அவர் கூறும் அறிவுரையை நாம் ஊன்றிக் கற்க வேண்டும்.

சோலை வழியே சென்றால், கிழங்கு அகழ்ந்த குழிகளைச் சண்பகப் பூக்கள் மூடியிருக்கும். பாராமல் நடப்போர் வீழ்வர். வயல் வழியே சென்றால், நீர்நாய் கௌவிய வாளைமீன் துள்ளிப் பாயக் கண்ணகி கலங்குவாள். கரும்பில் கட்டிய தேன்கூடு சிதைந்து பொய்கை நீரில் தேன் கலந்திருக்கும். வேட்கை மிகுதியால் அறியாமல் அந்நீரை அள்ளிப் பருகவும் கூடும். களை பறிப்போர் எறிந்த குவளை மலரில் வண்டுகள் தங்கியிருக்கும். களைப்பினால் அதன்மேல் அடி வைக்கவும் கூடும். வாய்க்கால் கரையிலோ நண்டும் நத்தையும் ஊர்ந்து திரியும். நம் காலடியில் அவை நோவுறுமாயின் அத்துன்பம் நம்மால் தாங்கத் தக்கதன்று. இவ்வாறு அடிகள் எடுத்துரைக்கிறார்.

அன்பர்களே! இவ்வுரையின் முறைவைப்பைக் கவனியுங்கள். முதலில் நடப்பவருக்கு நேரும் தீங்கைக் கூறினார். இறுதியில் நடப்பவரால் பிற உயிர்க்கு நேரும் தீங்கைக் கூறினார். தன்னைக் காத்தலும் பிறவுயிரைக் காத்தலும் ஒரே கண்ணோட்டத்தின் இரு பக்கங்கள். நத்தை ஈரறிவுயிர் என்றும், நண்டும் தும்பியும் நான்கறிவுயிர் என்றும் தொல்காப்பியம் வகுத்தது. அவ்வகைப்பாட்டை ஏட்டில் நிறுத்தாமல் காலடியில் கொண்டு வந்து வைத்தவர் கவுந்தியடிகள். பார்த்து நடத்தலை ஈரியா சமிதி என்று நம் ஆகமம் கூறும். உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவியே வாழ்கின்றன என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கொள்கை. இவ்விரண்டிற்கும் இதனினும் எளிய விளக்கம் வேண்டுமோ?

அரங்கத்துச் சோலையில் சாரணர் தோன்றி, விதைத்த வித்தே விளைவாவது போல வினைப்பயன் வந்தே தீரும் என்று அறம் உரைக்கிறார். அதனைக் கேட்டு மகிழ்ந்து, காவிரியைக் கடந்து தென்கரைப் பொழிலில் மூவரும் தங்குகின்றனர். அங்கு வந்த பரத்தையும் வம்பனும், உடனிருக்கும் இவர்கள் யார் என்று வினவ, தம் மக்கள் என்கிறார் அடிகள். ஒரு வயிற்றில் பிறந்தோர் கணவனும் மனைவியுமாய் வாழ்வதுண்டோ என்று அவர்கள் எள்ளி நகையாடுகின்றனர். கண்ணகி செவியைப் பொத்தி நடுங்குகிறாள். அடிகளோ சினந்து, அவ்விருவரும் நரியாகுமாறு சபிக்கிறார்.

நத்தைக்கும் இரங்கிய நெஞ்சம், சாரணர் அறவுரை கேட்ட சிறிது நேரத்திலேயே சினத்தின் வயப்பட்டது. இது நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டும். தவத்தோரையும் தீண்ட வல்லது சினம் என்னும் கஷாயம். ஆனால் காவியம் அங்கு நின்றுவிடவில்லை. பழிக்கப்பட்ட கண்ணகியும் கோவலனுமே, நெறி தவறியோர் கூறுவதை அறியாமை என்று கொள்ள வேண்டும் என அடிகளிடம் மன்றாடுகின்றனர். அடிகளும் மனம் இரங்கி, உறையூர்ப் புறங்காட்டில் 12 திங்கள் திரிந்தபின் பழைய உருவம் பெறுக என்று விடுதலைக்காலம் வகுக்கிறார். மூத்தவர் இளையவளுக்கு வழியைக் காத்தார். இளையவள் மூத்தவருக்கு அருளைக் காத்தாள். பெண்மையின் பேரறிவு இவ்வாறு ஒருவரையொருவர் பேணுவதில் விளங்குகிறது.

மதுரைப் புறஞ்சேரியில் கண்ணகியை ஆயர்குல மாதரியிடம் அடைக்கலம் தரும்போது, நீராட்டி, மையிட்டு, பூச்சூட்டி, தாயும் நீயே ஆகுக என்கிறார் அடிகள். மாதரியும் கோவலனின் சாவக நோன்பை அறிந்து, பகற்பொழுதில் உணவாக்கும்படி புதுக்கலங்களும், பலாக்காய், வெள்ளரி, மாதுளங்காய், மாங்கனி, வாழைக்கனி, நெல்லரிசி, பால்பயன் ஆகியவையும் அளிக்கச் செய்கிறாள். தன் நோன்பல்லாத நோன்பையும் மதித்து ஊட்டிய அக்கைகள் வணங்கத் தக்கவை. இத்துணைப் பேணியும் ஊழ்வினை கோவலனை விடவில்லை. ஆயினும் பேணியது வீணன்று. பயன் நோக்காது செய்வதே அறம்.

இம்மரபு காவியத்தோடு முடிந்ததன்று. வந்தவாசிப் பகுதியிலுள்ள வேடல் ஊரின் 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, கனகவீரக் குரத்தியாரையும் அவர்தம் 500 மாணாக்கியரையும் குறிப்பிடுகிறது. அவர்களுக்கு உணவளித்துக் காக்கும் பொறுப்பை இல்லறத்தாரே ஏற்றனர்.

நம் பாட்டியரும் இவ்வறத்தைப் பள்ளியில் படித்து அறிந்தவரல்லர். நீரை இருமடித் துணியில் வடிகட்டி, துணியில் தங்கிய சிற்றுயிர்களை முகந்த கிணற்றிலேயே விட்டவர்கள் அவர்கள். கதிரவன் மறையுமுன் அடுப்பணைத்தவர்கள். இன்று குழாயைத் திறந்தால் நீர் கொட்டுகிறது. துணியும் மறைந்தது, கருத்தும் மறைந்தது. கவுந்தி நடந்த அதே காவிரியில் நெகிழிப்பைகள் மிதக்கின்றன. 1836இல் கட்டப்பட்ட முக்கொம்புக் கொள்ளிட அணையின் 9 மதகுகள் 2018 ஆகஸ்டு 22 அன்று வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. ஆறும் பேணப்பட வேண்டிய ஒன்று என்பதை அந்நாள் உணர்த்தியது. நீரும் ஓரறிவுயிர் என்று கொண்ட நாம், அதனை மாசுபடுத்துவது கொலையே என்பதை மறக்கலாமோ?

ஆகவே, சாவகியர்களே, உங்கள் பேத்தியரை அருகிருத்தி நீர் வடிகட்டும் முறையைக் கற்பியுங்கள். சாவகர்களே, அப்பணியைப் பெண்டிர்க்கே உரியதென்று ஒதுக்காமல் நீங்களும் மேற்கொள்ளுங்கள். ஆற்றங்கரைக்குச் செல்லும்போது கொண்டு சென்ற பையைத் திரும்பக் கொணருங்கள். காலடியைப் பார்த்து வைப்பது போல் நாவடியையும் பார்த்து வையுங்கள். ஒருகால் சினந்து சொல்லிவிட்டால், அன்றே விடுதலைக்காலமும் வகுத்துவிடுங்கள்.

அருகன் அடி போற்றி! அறம் வளர்க!