யார் முதலில் கொடுப்பது?

தர்மத்தில் இரண்டு கேள்விகள் உண்டு. கொடுக்க வேண்டுமா என்பது ஒன்று. அதற்கு நாம் எல்லோருமே தயங்காமல் 'ஆம்' என்று சொல்லிவிடுவோம். யார் முதலில் கொடுப்பது என்பது மற்றொன்று. அங்கேதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தொடங்குகிறோம்.

விவிலியத்தில், தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதியதாக வழங்கும் முதல் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தைப் படித்தபோது எனக்கு இந்த எண்ணம் உண்டாயிற்று. தீமோத்தேயு எபேசு நகரத்துச் சபையைக் கவனித்துவந்தவர். அவருக்கு ஞான உபதேசம் இருக்கும் என்று புரட்டினால், விதவைகளைக் காப்பாற்றும் சட்டதிட்டம் அல்லவா இருக்கிறது! விதவைக்குப் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இருந்தால் அவர்களே முதலில் தாங்க வேண்டும். சபையின் பட்டியலில் சேர அறுபது வயதாவது ஆகியிருக்க வேண்டும். இளம் விதவைகள் மறுமணம் செய்துகொள்ளட்டும். சொந்த வீட்டாரைக் கைவிட்டவன் தன் மதத்தையே கைவிட்டவன். மதநம்பிக்கை இல்லாதவன்கூட அவனுக்கு மேல்.

அன்பைப் போதித்த மதம் இப்படி வயதையும் வாரிசையும் விசாரிக்கலாமா என்று முதலில் எனக்குக் கசப்பாகத்தான் இருந்தது. யோசித்துப் பார்த்தபோது காரணம் புலப்பட்டது. எருசலேமில் ஆரம்ப நாட்களிலேயே, கிரேக்கமொழி பேசிய விதவைகளுக்குத் தினசரிப் பங்கீட்டில் சரியாகக் கிடைக்கவில்லை என்று மனத்தாங்கல் எழுந்தது. ஸ்தேவான் முதலிய ஏழு பேரை அதற்கென்றே நியமிக்க வேண்டிவந்தது. கி.பி. 251-ஐ ஒட்டி ரோமாபுரியின் ஆயர் கொர்நேலியு எழுதிய கடிதத்தில், அவருடைய சபை 1,500-க்கு மேற்பட்ட விதவைகளையும் வறியவர்களையும் காப்பாற்றி வந்ததாகச் சொல்கிறார். பானை ஒன்று, நீளும் கைகளோ பல. வசதியுள்ள மகனைப் பெற்றவள் அங்கே வாங்கும் கவளம், யாருமே இல்லாதவளுக்குச் சேர வேண்டிய கவளம்.

சிக்கனம் மட்டும் இதற்குக் காரணமன்று. பெற்றோருக்குச் சேர வேண்டியதை 'கொர்பான்', அதாவது கடவுளுக்கு நேர்ந்துவிட்டது, என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை இயேசு கடிந்துகொண்டார். தாம் சிலுவையில் இருந்தபோதும் தம் தாயை ஒரு சீடரிடம் ஒப்படைத்தார் என்கிறது யோவான் எழுதிய சுவிசேஷம். காணிக்கைப் பெட்டியில் தாராளமாகப் போட்டுவிட்டு, தாயை அந்தப் பெட்டியின் தயவில் விடுகிற மகனுக்கு இந்த மதத்தில் இடம் இல்லை.

சரி, மகன் இருக்கிறான். ஆனால் கொடுக்க மாட்டேன் என்கிறான். அவள் கதி என்ன? 'உனக்குத்தான் மகன் இருக்கிறானே, அம்மா!' என்று சபை கதவைச் சாத்திவிடலாமா? சாத்தினால், பாவம் செய்தவன் மகன். பட்டினி கிடப்பவள் தாய். இது எந்த ஊர் நியாயம்?

உண்மையான விதவை யார் என்பதற்கு அந்த நிருபமே ஒரு அடையாளம் சொல்கிறது: தனியாக விடப்பட்டவள். பெற்ற மகன் திரும்பிப் பாராத தாயும் தனியாக விடப்பட்டவள்தானே? கணவன் இறந்தபோது அவள் ஒருமுறை விதவையானாள். மகன் முகம் திருப்பியபோது மறுமுறை ஆனாள்.

மேலும், இந்தப் பகுதியின் முதல் வார்த்தையே விதவைகளைக் கனம்பண்ண வேண்டும் என்பதுதான். கிரேக்கத்தில் அந்தச் சொல்லின் வேருக்கு மரியாதை என்றும் விலை என்றும் இரண்டு பொருள் உண்டு. சோறு போடுவதும் மதிப்பதும் அங்கே ஒரே காரியம்.

ஆகவே, குடும்பம் முதலில், சபை பிறகு என்ற வரிசை கொடுக்கிறவர்களைக் கட்டுப்படுத்த ஏற்பட்டது என்றே நான் கொள்கிறேன். வாங்க வந்தவளைத் திருப்பி அனுப்ப ஏற்பட்டதன்று. இன்று இரவு அவளுக்குச் சபை சோறு போடட்டும். நாளைக் காலையில் பெரியவர்கள் போய் மகன் வீட்டுக் கதவைத் தட்டட்டும்.